பழைய 1035-க்குக் கூடுதல் ஹைட்ராலிக்: டிப்பருக்குப் போதும், லோடருக்குப் போதாது

இரண்டரை டன் எருவை மண்வெட்டியால் வாரி இறக்க இரண்டு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிப்பர் ட்ரெய்லர் இருந்தால் அரை நிமிஷம். ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில், பழைய ட்ராக்டர் வைத்திருக்கும் விவசாயி எவருக்கும் வரும் ஆசைதான் இது: இந்த வண்டியிலிருந்தே ஒரு ஹோஸ் இழுத்து டிப்பரைத் தூக்க முடியுமா? முன்னால் ஒரு லோடரும் மாட்ட முடியுமா?

எங்கள் தோட்டத்தில் மூன்று சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சின் போட்ட மாசி பெர்குசன் 1035 ஒன்று ஓடுகிறது. அதில் இரண்டு வழியையும் பொருத்தி, ஒவ்வொன்றையும் ஒரு பருவம் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். ஒன்று, வண்டியின் சொந்த பம்பிலிருந்தே எண்ணெய் எடுப்பது. மற்றது, தனி பம்ப், தனி டேங்க் வைப்பது.

வண்டிக்குள் இருப்பது என்ன?

1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே தயாரித்த இந்த வண்டி, இங்கிலாந்தின் மாசி பெர்குசன் 35 வழிவந்தது. அதன் ஹைட்ராலிக் ஹாரி பெர்குசன் வகுத்த முறை. கலப்பையை மூன்று இடத்தில் பிடித்து, மண்ணின் இழுவைக்கு ஏற்பத் தானாகவே ஏற்றி இறக்குவதுதான் அதன் முதல் வேலை. ஆனாலும் வெளியே எண்ணெய் எடுப்பது அதற்குப் புதிதல்ல. 1946-இல் கோவென்ட்ரியில் வெளிவரத் தொடங்கிய டிஇ20 ட்ராக்டருக்கே பெர்குசன் மூன்று டன் டிப்பர் ட்ரெய்லரை விற்றார். அதைத் தூக்கியது ட்ராக்டரின் சொந்த எண்ணெய்தான்.

பம்ப் வண்டியின் நடுவயிற்றில், எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிறது. நான்கு பிஸ்டன் கொண்ட அதைச் சுற்றுவது பிடிஓ ஷாஃப்ட். அதனால் பிடிஓ லிவரைப் போடாமல் லிஃப்ட் வேலை செய்யாது. சிங்கிள் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் பம்பும் நின்றுவிடும். டூயல் கிளட்ச் என்றால் பாதி மிதியில் வண்டி நிற்கும், பம்ப் ஓடும். டிப்பர் வேலைக்கு இது பெரிய வசதி. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை மனதில் நிறுத்த வேண்டும். கியர்களுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய். வெளி ஹோஸை இணைக்கும் கப்ளரில் நீங்கள் எதை மாட்டினாலும் அதைக் கியர் பெட்டிக்குள்ளேயே மாட்டியதாகத்தான் கணக்கு.

முதல் வழி: சொந்த பம்ப்

சீட்டுக்கு அடியில் லிஃப்ட் கவரின் மேல் ஒரு சிறிய மூடி இருக்கும். பம்பிலிருந்து மேலே வரும் எண்ணெய் அதன் வழியாகத்தான் லிஃப்ட் சிலிண்டருக்குப் போகிறது. அந்த மூடியை எடுத்துவிட்டு ஹோஸ் எடுக்கும் மூடியைப் போட்டால் முடிந்தது. பட்டறையில் பாதி நாள் வேலை. செலவும் குறைவு.

முதலில் வெறும் மூடியோடு ஓட்டினேன். லிவரை ஏற்றியதும் பின்னாலுள்ள லிஃப்ட் கைகள்தான் முதலில் எழுந்தன. அவை உச்சிக்குப் போன பிறகே டிப்பர் அசைந்தது. பாரம் குறைந்த பக்கம்தானே எண்ணெய் முதலில் போகும்! அந்த மூடியைக் கழற்றிவிட்டு டைவர்ட்டர் வால்வு போட்ட பிறகு வேலை ஒழுங்குக்கு வந்தது. அதன் கைப்பிடியைத் திருப்பினால் லிஃப்டுக்குப் போகும் வழி அடைபட்டு எண்ணெய் முழுவதும் டிப்பருக்குப் போகும்.

என் டிப்பர் ஜாக்கியின் உள்விட்டம் 90 மில்லிமீட்டர், நீட்டம் 900 மில்லிமீட்டர். முழுக்க நீள 5.7 லிட்டர் எண்ணெய் வேண்டும். இரண்டரை டன் எருவோடு, எஞ்சின் 1500 ஆர்பிஎம்மில் 33 விநாடியில் தூக்கியது. 1000-த்தில் 50 விநாடி. வேகம் குறைவு, வலு தாராளம்: சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் வந்தாலே இந்த ஜாக்கி ஒன்பதரை டன் தள்ளும். உச்சியில் ரிலீஃப் வால்வு கீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டதும் லிவரைத் திருப்பிவிட வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் எண்ணெய் கொதிக்கும்.

குறை எங்கே வந்தது என்றால், இரவல் ட்ரெய்லரில். ஒருநாள் அவசரத்துக்கு வேறொருவர் டிப்பரை மாட்டினோம். ஒற்றை ஹோஸ் ஜாக்கி என்பதால் போன எண்ணெய் அதே குழாயில் திரும்பி வரும். அந்த ஜாக்கிக்குள் வருஷக்கணக்காகக் கிடந்த கறுப்பு எண்ணெயும் சேர்ந்தே வந்தது. இரண்டு வாரத்தில் கலப்பையைத் தூக்கி நிறுத்தினால் கைகள் மெல்லத் தலையாட்ட ஆரம்பித்தன. எஞ்சினை அணைத்தால் சரசரவென இறங்கின. எண்ணெயைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஓர் இரவு வைத்தேன். காலையில் அடியில் ஒரு விரற்கடை தண்ணீர், அதன்மேல் மோர் நிறத்தில் ஒரு படலம். எண்ணெய் முழுவதையும் மாற்றி, கன்ட்ரோல் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து, லிஃப்ட் சிலிண்டரின் சீலையும் மாற்றிய பிறகே கைகள் நின்ற இடத்தில் நின்றன.

இரண்டாம் வழி: தனி பம்ப்

முன்பக்கம் கிராங்க் புல்லியிலிருந்து ஓடும் கியர் பம்ப், 25 லிட்டர் டேங்க், திரும்பும் குழாயில் ஃபில்டர், இரண்டு லிவர் வால்வு. உள்ளே 68 கிரேடு ஹைட்ராலிக் ஆயில். நான் போட்ட பம்ப் ஒரு சுற்றுக்கு 16 சிசி தள்ளும். 1500 ஆர்பிஎம்மில் கணக்குப்படி நிமிஷத்துக்கு 24 லிட்டர். அதே டிப்பர், அதே பாரம்: 16 விநாடி.

வித்தியாசம் வேகத்தில் மட்டுமில்லை. கிளட்சை மிதித்தாலும், பிடிஓ போடாவிட்டாலும் பம்ப் ஓடும். லோடர் வேலையில் நிமிஷத்துக்கு நாலு தடவை கிளட்சை மிதிக்கிறோம். அப்போது வாளி பாதியில் நிற்கக் கூடாது. இரண்டு பக்கமும் எண்ணெய் போகும் டபுள் ஆக்டிங் ஜாக்கியையும் ஓட்டலாம். அழுக்கு வந்தால் அந்த டேங்கோடு போகும், கியர் பெட்டிக்குள் இறங்காது.

பாதகங்களும் உண்டு. செலவு முதல் வழியைப் போலப் பல மடங்கு. எதுவும் தூக்காத நேரத்திலும் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும். கப்ளிங் ஒரு நூல் கோணினாலும் பம்பின் சீல் போய்விடும். எனக்கு முதலில் பொருத்தித் தந்த பட்டறையில் மட்டம் பார்க்காமல் விட்டதால் இருபதே நாளில் எண்ணெய் கசிந்தது. லேத்தில் பிராக்கெட்டைத் திரும்பக் கடைந்து நேராக்கிய பிறகு இன்றுவரை தொந்தரவில்லை. லோடரின் பாரம் முன் ஆக்ஸிலில் இறங்குவதையும் கணக்கில் வையுங்கள். கிங்பின் புஷ் தேய்ந்த வண்டியில் லோடர் வேண்டாம்.

எந்த வழி என்றாலும்

கப்ளரின் இரு முனையையும் மாட்டுமுன் சுத்தமான துணியால் துடையுங்கள். கழற்றியதும் மூடி போடுங்கள். சொந்த பம்ப் வழியில், டிப்பர் தூக்கிய நிலையில் 5.7 லிட்டர் வெளியே இருக்கும். அதனால் டிப்பரை இறக்கி வைத்தே எண்ணெய் அளவு பாருங்கள். கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அட்டையை நீட்டிப் பாருங்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தூக்கிய டிப்பருக்கு முட்டுக் கொடுக்காமல் யாரையும் கீழே போக விடாதீர்கள். ஒரு ஹோஸ் வெடிக்க ஒரு கணம் போதும்.

தீர்ப்பு

எரு, மண், செங்கல் இறக்க மட்டும் டிப்பர் வேண்டும் என்றால் சொந்த பம்பும் டைவர்ட்டர் வால்வும் போதும். ஆனால் ஒரே ட்ரெய்லர், அதுவும் உங்கள் சொந்த ட்ரெய்லராக இருக்கட்டும். லோடரோ டோசரோ மாட்டுவதென்றால் தனி பம்ப் தவிர வேறு வழி யோசிக்காதீர்கள். இரண்டும் வேண்டாம், இரவல் டிப்பரைத்தான் அவ்வப்போது மாட்டுவேன் என்பவர்கள், மாட்டுமுன் அந்த ஜாக்கியின் பழைய எண்ணெயை ஒரு வாளியில் வடித்துப் பார்த்துவிடுங்கள்.

வண்டியின் வயிற்றிலுள்ள எண்ணெய் சுத்தமாக இருந்தால், இந்தப் பழைய 1035 இன்னும் பல வருஷம் உங்களுக்காகத் தூக்கும்.