தோழமையின் தலைமை

பெரிய இசைக்குழு ஒன்றில் பாரிட்டோன் சாக்ஸபோன் வாசிப்பவரின் நிலை, கட்டடத்தின் அடித்தளத்தை ஒத்தது. டிரம்பெட்டுகளின் முழக்கம் செவியை நிறைக்கும். கீழிருந்து அதனைத் தாங்கும் கனத்த குரலைத் தனித்துக் கேட்போர் சிலரே. அத்தகைய கலைஞர் ஒருவர் தம் பெயரிலேயே இசைத்தட்டு வெளியிடும்போது எவ்வாறு தலைமை தாங்குவார்? சாஹிப் ஷிஹாபின் தனித்தட்டுகளை நாம் இவ்வினாவோடுதான் அணுகுகிறோம்.

1925இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில் எட்மண்ட் கிரெகரி என்ற பெயரில் பிறந்தவர் அவர். இளமையிலேயே ஃபிளெட்சர் ஹென்டர்சனின் குழுவில் இடம்பெற்றார். 1947இல் இஸ்லாத்தைத் தழுவிப் புதுப்பெயர் பூண்டார். அவ்வாண்டிலேயே தெலோனியஸ் மாங்கின் ஒலிப்பதிவில் ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசித்தார். 1959இல் குவின்சி ஜோன்ஸின் குழுவோடு ஐரோப்பா சென்று, நெடுங்காலம் அங்கேயே வாழ்ந்தார். கென்னி கிளார்க்கும் பெல்ஜிய நாட்டவரான ஃபிரான்சி போலண்டும் இணைந்து நடத்திய பெருங்குழுவில் 1960களில் அவர் நிலையான உறுப்பினர்.

அவர் தலைமையில் 1957இல் பதிவான 'ஜாஸ் சாஹிப்' தட்டில் பென்னி கோல்சன், ஃபில் வுட்ஸ் போன்ற வல்லுநர்கள் உடன் வாசிக்கின்றனர். வாசிப்பில் குறையில்லை, எனினும் தலைவரின் முத்திரை அதில் அழுந்தப் பதியவில்லை என்பதே நம் கணிப்பு. ஒத்த தரமுடைய பலருள் ஒருவராகவே அவர் ஒலிக்கிறார்.

1963இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பதிவான 'சம்மர் டான்' வேறு தரத்தது. பெருங்குழுவின் தோழர்களான போலண்டும் ஜிம்மி வூடும் இதிலும் உடனிருக்கின்றனர். ஆனால் குழு சிறியது. ஒவ்வொரு குரலுக்கும் இடமுண்டு. பாரிட்டோனின் ஆழ்ந்த கனமும் புல்லாங்குழலின் மென்மையும் ஒரே கலைஞரின் இரு இயல்புகளாக வெளிப்படுகின்றன. அதே ஆண்டில் கோபன்ஹேகனில் பதிவான 'சாஹிப்ஸ் ஜாஸ் பார்ட்டி'யில் பாஸ் வாசித்த நீல்ஸ்-ஹென்னிங் ஆர்ஸ்டட் பெடர்சனுக்கு வயது 17தான். அவ்விளைஞரை ஒடுக்காமல் வாசிக்க விட்ட பெருந்தன்மையையும் நாம் கலையின் கணக்கிலேயே சேர்க்கிறோம்.

இவற்றுள் சிகரம், 1965இல் டேனிஷ் வானொலியின் ஜாஸ் குழுவுக்காக அவர் இசையமைத்துப் பதிவுசெய்த தட்டு. பெருங்குழுவின் அடித்தளத்தில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் கேட்டறிந்தவற்றை இங்கே அவர் எழுத்தாக்கியிருக்கிறார். எந்த வாத்தியத்திற்கு எங்கே இடம்விட வேண்டும் என்பது, தாங்கிப் பழகியவருக்குத்தான் நன்கு தெரியும்.

குறையும் உண்டு. அவருடைய பதிவுகள் பல நாடுகளின் சிறு நிறுவனங்களிடையே சிதறிக் கிடந்தன. தம்மை முன்னிறுத்தாத இயல்பினால், சில தட்டுகளில் தலைவர் யார் என்று தேடவேண்டியிருக்கிறது. 1989இல் அவர் மறைந்தபோது, அவரது திறமைக்கு ஈடான புகழ் அவருக்குக் கிட்டியிருக்கவில்லை.

சாஹிப் என்பதை நாம் மரியாதைச் சொல்லாகவே வழங்கிப் பழகிவிட்டோம். அரபியில் அதன் மூலப்பொருள் தோழர் என்பது. ஸஹாபா என்னும் சொல்லும் அவ்வேரிலிருந்தே பிறந்தது. 1971இல் வெளிவந்த அவரது தட்டு ஒன்றின் பெயர் 'கம்பேனியன்ஷிப்', அதாவது தோழமை. அவர் தலைமை தாங்கிய முறைக்கு இதனினும் பொருத்தமான பெயர் இருக்க முடியாது. உரத்து முழங்குபவரே தலைவர் என்று எண்ணுவோர் இத்தட்டுகளை ஒருமுறை பொறுமையுடன் கேட்கவேண்டும் என்பது நம் விருப்பம்.