பறிபோன மூன்று குரல்கள்

ஒரு கலைப்படைப்பின் நிறைகுறைகளைக் கலைஞனின் மேதைமை ஒன்றைக்கொண்டே அளந்துவிடலாம் என நம்புவோர் நம்மிடையே இன்னும் உளர். அவர்கள் ஒரு பொருட்டாகவே கருதாத வீடியோ விளையாட்டு இசை, இந்நம்பிக்கைக்குத் தக்க மறுப்பொன்றைத் தருகின்றது.

யப்பானில் கொனாமி நிறுவனம் 1989இல் ஒரு விளையாட்டை வெளியிட்டது. நின்டென்டோவின் ஃபமிகொம் பொறிக்காக ஆக்கப்பட்ட அது, மறு ஆண்டு அமெரிக்காவில் அப்பொறியின் மாற்றுவடிவமான என்.இ.எஸ்.ஸுக்குக் 'காசில்வேனியா 3' என்னும் பெயரில் வந்தது. மெட்டுகள் அவையே. எனினும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்போர், வாத்தியக் குழுவிலிருந்து சிலர் எழுந்து போய்விட்டதை உணர்வர்.

காரணம் யாது? இப்பொறிக்கு இயல்பாக அமைந்த ஒலிவழிகள் ஐந்து. யப்பானியக் காட்ரிஜினுள் கொனாமி தனது விஆர்சி6 என்னும் சிப்பைப் பொருத்தி மேலும் மூன்று குரல்களைச் சேர்த்தது. அவற்றுள் ஒன்று, வாளின் பற்களை ஒத்த அலைவடிவுடையது. வில்லால் மீட்டும் நரம்புக் கருவிகளை நினைவூட்டுவது. ஃபமிகொமில் ஒலி காட்ரிஜின் ஊடாகச் சென்று மீளும். ஆதலால் புதிய குரல்கள் அதனோடு கலந்தன. அமெரிக்கப் பொறியில் அவ்வழி காட்ரிஜுக்குத் திறந்துவிடப்படவில்லை. அன்றியும், அங்கு காட்ரிஜ் உற்பத்தியை நின்டென்டோ தன் கைக்குள்ளேயே வைத்திருந்தது. கொனாமியின் சிப்புக்குப் பதிலாக நின்டென்டோவின் எம்எம்சி5 புகுந்தது. அதற்கும் மேலதிக ஒலிகளை எழுப்பும் ஆற்றல் உண்டு. ஆனால் அவை வெளிவர வழியில்லை. பாடகனை மேடையேற்றி வாயைக் கட்டியதற்கு இது ஒப்பாகும்.

எனவே கருவியே அனைத்தையும் தீர்மானிக்கின்றது என முடிவுகட்டலாமா? அது இயந்திரப்பாங்கான பொருள்முதல்வாதமாகவே முடியும். எட்டுக் குரல்களுக்கென எழுதிய இசையை ஐந்தனுள் அடக்க மனித உழைப்பு வேண்டியிருந்தது. எதை விடுவது, எதைக் காப்பது என்று யாரோ அமர்ந்து சிந்தித்தனர். அமெரிக்கப் பதிப்பை மட்டும் கேட்டு வளர்ந்த பலர் அதனை இன்றும் விரும்புவதற்கு அவ்வுழைப்பே காரணம். பௌதிக நிலைமைகள் எல்லை வகுக்கின்றன. அவ்வெல்லைக்குள் போராடுபவன் மனிதன்.

அம்மனிதரை இத்தொழில் எவ்வாறு மதித்தது? இதே தொடரின் முதல் விளையாட்டின் முடிவில் இசையமைப்பாளராகக் காட்டப்படுபவர் 'ஜேம்ஸ் பனானா'. வேடிக்கைக்காகப் புனைந்த பெயர் அது. அதற்குப் பின்னால் மறைந்திருந்தவர் கினுயோ யமஷித்தா என்னும் பெண். குரல்களைப் பறித்த அதே வாணிபம் பெயர்களையும் மறைத்தது.

ஆகவே, இரு பதிப்புகளையும் ஒப்புநோக்கும் விமர்சகன் 'எது இனிமையானது?' என்ற வினாவோடு நின்றுவிடலாகாது. எத்தனை குரல்கள் ஒலிக்கலாம் என முடிவு செய்தவர் யார், அம்முடிவின் சுமையைத் தாங்கியவர் யார் என்றும் அவன் கேட்டாதல் வேண்டும். இவ்வினாக்களை எழுப்பாது அமெரிக்கப் பதிப்பின் வறுமையை அதன் இசையமைப்பாளர்மீது சுமத்துவது விமர்சனமாகாது, அநீதியாகும்.