முதலிடத்தின் மறுபக்கம்

பிளஸ் டூ தேர்ச்சியில் 2022இல் பெரம்பலூர் 97.95 விழுக்காட்டுடன் மாநிலத்தில் முதலிடம். மறு ஆண்டு பத்தாம் வகுப்பிலும் அதுவே முதல். 2024இல் பத்தாம் வகுப்பின் முதலிடம் அரியலூருக்குப் போனது. 2025 பிளஸ் டூவில் அரியலூர் எடுத்தது 98.82. மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் சுண்ணாம்புக்கல் லாரிகளுமான இந்த மண்ணைப் பின்தங்கிய பகுதி என்றே சொல்லிப் பழகியவர்களுக்கு இது வியப்புதான்.

இதில் சிறப்பு வகுப்புக்குப் பெரும் பங்குண்டு. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மெல்லக் கற்போரைப் பிரித்து, காலையும் மாலையும் உட்காரவைத்து, குறைந்தபட்சப் பாடப்பகுதியைத் திரும்பத் திரும்ப எழுதவைக்கும் முறை. மனப்பாடத் தொழிற்சாலை என்று ஏளனம் செய்வது எளிது. நான் அதில் சேரமாட்டேன். கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பெண்பிள்ளை பத்தாவதில் தவறினால் அடுத்த பேச்சு கல்யாணம். சின்ன வயதுக் கர்ப்பமும் ரத்தசோகையும் அதன் பின்னாலேயே வரும். அவள் பிளஸ் ஒன் போவதே ஒரு மருத்துவம். “ஏம்மா நேத்து வரல?” என்று கேட்க ஓர் ஆசிரியர் இருப்பதும் அப்படித்தான். ஐரோப்பாவிலும் கனடாவிலும் 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் நெடுங்காலமாக நடக்கும் உலக சுகாதார நிறுவன ஒத்துழைப்பு ஆய்வு, படிப்புச் சுமையோடு ஆசிரியர், வகுப்புத் தோழர் ஆதரவையும் சேர்த்தே கேட்கிறது. சுமை கூடக்கூடத் தலைவலி, தூக்கமின்மை போன்ற புகார்களும் கூடுகின்றன. ஆதரவு உள்ள இடத்தில் அவை குறைவு.

நம் சிறப்பு வகுப்பு இரண்டையும் ஒரே கையால் கொடுக்கிறது. அதுதான் சிக்கல். ஆதரவை எந்தப் பட்டியலும் எண்ணுவதில்லை, விழுக்காட்டை எல்லோரும் எண்ணுகிறார்கள். 2017இல் மாணவர்களுக்கான ரேங்க் அறிவிப்பை அரசு கைவிட்டது. நல்ல முடிவு. ஆனால் மாவட்ட வரிசை அப்படியே நிற்கிறது. ஆட்சியரிடமிருந்து முதன்மைக் கல்வி அலுவலருக்கு, அவரிடமிருந்து தலைமை ஆசிரியருக்கு, கடைசியில் மூன்றாவது பெஞ்சுக்கு அந்த நெருக்கடி இறங்குகிறது. விளையாட்டு பீரியட் முதலில் பலியாகும். கணக்கு வாத்தியாருக்கு அதைக் கேட்டு வாங்கும் கூச்சம்கூட இப்போது இல்லை.

தேர்ச்சியே காப்பு என்று நம்பவும் முடியாது. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா 1200க்கு 1176 எடுத்தவர். நீட் வந்து அந்த மதிப்பெண்ணை மருத்துவச் சேர்க்கைக்குச் செல்லாததாக்கியது. 2017 செப்டம்பரில் அவரை இழந்தோம். உழைத்தால் கிடைக்கும் என்று பள்ளியும் வீடும் ஊரும் கொடுத்த வாக்கை, வெளியே ஒரு விதி முறித்தால், அந்த வயதில் தாங்கிப் பிடிக்க மதிப்பெண் பட்டியலால் ஆகாது.

சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது, சத்துணவு பத்தாம் வகுப்போடு. எந்த விழுக்காட்டுக்காக மாவட்டமே மார்தட்டுகிறதோ, அந்த பிளஸ் டூ பிள்ளை இரண்டுக்கும் வெளியே. முதல் பஸ்ஸுக்காக வெறும் வயிற்றோடு கிளம்பிவிட்டு, மாலை வகுப்பில் யாரோ கொடையாளர் தந்த சுண்டலோ பிஸ்கட்டோ கிடைத்தால் உண்டு. சிறப்பு வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. பிளஸ் டூ வரைக்கும் சத்துணவை நீட்டிவிட்டு, விளையாட்டு பீரியடைப் பறிக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போட்டுவிட்டு, மாவட்ட வரிசையையும் ரேங்க் பட்டியல் போன வழியே அனுப்பிவிட்டு, அப்புறம் வகுப்பை நடத்தட்டும்.