குறைந்த சத்தத்துக்கு ஒரு பேஸ் பெட்டி

அன்புவழிபுரத்தில் ஒரு சிறிய அனெக்ஸ். முன்னறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. சீமெந்துக் கல் சுவர், மேலே அஸ்பெஸ்டஸ் சீற், சுவர் முடியும் இடத்தில் காற்றுக்கு விட்ட இடைவெளி. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் குடும்பம். திருகோணமலை நகரைச் சுற்றி வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பழகிய அறைதான். இந்த அறையில் நாலங்குல ஸ்பீக்கர் இரண்டையும் சிறிய அம்பிளிபயர் ஒன்றையும் வைத்துப் பாட்டுக் கேட்பவருக்கு, என்றாவது ஒருநாள் சப்வூபர் ஆசை வரும். வரட்டும். ஆனால் எதற்காக அதைப் பூட்டுகிறோம் என்பதில் எம்மவருக்குத் தெளிவில்லை.

பேஸ் எங்களுக்கு அறிமுகமானது தனியார் பஸ்ஸிலும் ஓட்டோவிலும்தான். ஓட்டோவின் பின்சீற்றுக்குப் பின்னால் பன்னிரண்டங்குலப் பெட்டி இருக்கும். என்ஜின் இரைச்சலுக்கும் றோட்டுச் சத்தத்துக்கும் மேலே கேட்க வேண்டுமென்றால் பேஸைத் தூக்கித்தான் வைக்கவேண்டும். திறந்த வண்டியில் அதற்கு நியாயம் உண்டு. அதே அளவை வீட்டறைக்குள் கொண்டுவந்ததும் பாட்டு போய், இடி மட்டும் மிஞ்சுகிறது.

உண்மையில் சப்வூபர் அதிகம் உதவுவது சத்தத்தைக் குறைத்துக் கேட்பவருக்கு. 1933இல் பிளெச்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அளந்து காட்டிய விஷயம் இது: ஒலியின் அளவு குறையக் குறைய, மனிதக் காது முதலில் தவறவிடுவது அடித்தொனியை. பகலில் நிறைவாகக் கேட்ட பாட்டு, இரவு பத்து மணிக்கு வொலியூமைக் குறைத்ததும் சப்பென்று ஆகிவிடுவது இதனால்தான். அந்த இழப்பை அளவோடு ஈடுசெய்ய சப்வூபரை விட நல்ல வழி கிடையாது. அம்பிளிபயரின் பேஸ் குமிழைத் திருகிச் சரிக்கட்டப் பார்த்தால், சிறிய ஸ்பீக்கரின் கூம்பு தாங்காது. அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே எழுப்ப, கூம்பு நாலு மடங்கு தூரம் அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீற்றர் அசைகிற நாலங்குலக் கூம்பை 40 ஹெர்ட்ஸில் நாலு மில்லிமீற்றர் அசையச் சொன்னால், மேலே ஓடும் குரலும் சேர்ந்து கலங்கும்.

எல்லாப் பாட்டுக்கும் இது வேண்டுமா என்றால், இல்லை. பேஸ் கிற்றாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். எண்பதுகளுக்குப் பிந்திய இளையராஜா, ரகுமான் பாட்டுகளில் அந்தத் தந்தி செய்கிற வேலையைச் சிறிய ஸ்பீக்கரில் பாதிதான் பிடிக்கலாம். பாதி பிடிபடுவதும் காதின் தயவால்தான். மேல் இசைத்தொனிகள் கேட்டால் போதும், இல்லாத அடித்தொனியை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். ஒரு கட்டைச் சுருதிக்குச் சேர்த்த தம்புராவின் மந்தர ஸட்ஜம் 65 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். கச்சேரி கேட்பவருக்கும் ஓரளவு பயன் உண்டு. ஐம்பது அறுபதுகளின் பாட்டுகளை மட்டும் கேட்பவர் காசை மிச்சம் பிடிக்கலாம். அந்தப் பதிவுகளில் அவ்வளவு கீழே இருப்பது மிகக் குறைவு. சப்வூபர் அங்கே பெருக்கித் தருவது பெரும்பாலும் இசைத்தட்டின் உறுமலை.

இனி இணைப்பு. ஓட்டோவில் கழற்றிய நாலு ஓம் பேஸ் ஸ்பீக்கரை ஒரு பெட்டிக்குள் போட்டு, வீட்டு ஸ்பீக்கர் கம்பியோடு கம்பியாக முறுக்கிவிடுவது கேடான வழி. எட்டு ஓமும் நாலு ஓமும் அப்படிச் சேர்ந்தால் அம்பிளிபயருக்குத் தெரிவது மூன்று ஓமுக்கும் குறைவு. அது கொதிக்கும், ஒருநாள் புகையும். வடிகட்டி எதுவும் இல்லாததால் பாடகரின் குரலும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வரும். தனக்கென அம்பிளிபயர் உள்ள சப்வூபர்தான் சரி. வீட்டு அம்பிளிபயரில் சப் அவுட் இருந்தால் ஒரு ஆர்சிஏ வயர் போதும். இல்லையென்றாலும் பாதகமில்லை. ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே இன்னொரு சோடிக் கம்பியை சப்வூபரின் ஹை லெவல் உள்ளீட்டுக்குக் கொண்டுபோகலாம். அந்த உள்ளீடு அம்பிளிபயரிடமிருந்து இழுக்கும் மின்னோட்டம், இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு.

பூட்டிய பிறகுதான் பலர் கெடுக்கிறார்கள். கிராஸ்ஓவர் குமிழ் 150 ஹெர்ட்ஸில் நிற்கும், கெயின் முக்கால்வாசிக்கு மேல் போயிருக்கும், பெட்டி மூலைக்குள் கிடக்கும். ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று காதுக்குப் பிடிபடாது. 150 வரை விட்டால் ஆண் குரலின் அடிப்பகுதி மூலையிலிருந்து பேசும். நான் சொல்வது 70, 80. அதோடு சப்வூபர் ஓடுவதே தெரியாத அளவு கெயின், அணைத்தால் மட்டும் ஏதோ குறைந்ததாகப் படவேண்டும். பேஸ் சுவிச்சு அல்ல, ஃபேஸ் சுவிச்சு ஒன்று பின்னால் இருக்கும்: 0, 180. இருக்கிற இடத்திலிருந்து கேட்டு, எதில் அடித்தொனி கூடுதலாக விழுகிறதோ அதில் விடவேண்டும்.

அறையும் தன் பங்குக்கு விளையாடும். பன்னிரண்டடி நீளம் 47 ஹெர்ட்ஸை ஊதிப் பெருக்கும், பத்தடி அகலம் 56ஐ. மூலையில் வைத்த பெட்டி இரண்டையும் சேர்த்துக் கிளப்பும். பேஸ் கிற்றாரின் சில சுரங்கள் மட்டும் வீங்கி மற்றவை காணாமல் போவது அதனால்தான். இந்த விஷயத்தில் எங்கள் வீடுகளுக்கு ஒரு அதிர்ஷ்டம். வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பின் மூடிய கொங்கிறீட் அறையோடு ஒப்பிட்டால், கூரையோர இடைவெளியும் திறந்த ஜன்னலும் அந்த வீக்கத்தில் கொஞ்சத்தை வெளியே விட்டுவிடும். பதிலுக்கு அஸ்பெஸ்டஸ் சீற் ஆணியோடு சேர்ந்து கிறுகிறுக்கும். எட்டங்குல மூடிய பெட்டி இங்கே போதும் என்பேன். துளைவைத்த பன்னிரண்டங்குலம் கூரைக்குத்தான் கச்சேரி வைக்கும்.

வெளியே விடுவது யாருக்குப் போகிறது? வீட்டுக்காரருக்கு. சுவர் ஒலியைத் தடுக்கும் திறன் அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஆறு டெசிபல் குறையும். கணக்குப்படி 1000 ஹெர்ட்ஸில் தடுப்பதை விட 50 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் குறைவாகவே தடுக்கும். பாட்டின் சொல் அடுத்த அறைக்குப் போகாது, குத்து மட்டும் போகும். சொல்லும் மெட்டும் இல்லாத குத்தைச் சகிப்பது மிகக் கஷ்டம். உயர் நீதிமன்றம் 2007இல் இட்ட கட்டளை இரவு பத்துக்கும் காலை ஆறுக்கும் இடையே ஒலிபெருக்கி அனுமதியைக் கட்டுப்படுத்தியது. வீட்டுச் சப்வூபருக்கு யாரும் அனுமதி எடுப்பதில்லை. அளந்து முறையிடலாம் என்றால், வழக்கமான ஏ நிறையிட்ட அளவுமுறை 50 ஹெர்ட்ஸை 30 டெசிபல் குறைத்தே காட்டும். அடுத்த வீட்டில் படுக்கை அதிர்ந்தாலும் மீற்றர் அமைதியாக நிற்கும். ஆகவே இரவு எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதைப் பூட்டுவதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் பேசிக்கொள்வது நல்லது.

சொல்ல வேண்டிய குறை இன்னும் ஒன்று. ஹை லெவல் இணைப்பில் சிறிய ஸ்பீக்கர்களுக்கு முழு அடித்தொனியும் போய்க்கொண்டே இருக்கும். கூம்பின் பாரத்தை இறக்கும் பெரிய நன்மை கைவிட்டுப் போகிறது. றேடியோ திருத்துபவர் 470 மைக்ரோபரட் கப்பாசிற்றர் இரண்டை மறைமுனையோடு மறைமுனையாக ஒட்டி, ஒவ்வொரு ஸ்பீக்கரின் கம்பியிலும் தொடராகப் போட்டுத் தருவார். 235 மைக்ரோபரட், எட்டு ஓமுக்கு 85 ஹெர்ட்ஸ் வெட்டு. ஸ்பீக்கரின் ஓம் அதன் ஒத்ததிர்வுக்குக் கிட்ட ஏறிவிடுவதால் கணக்குச் சுத்தமாக வராது. இருந்தும் குரல் தெளிகிறது, செலவும் பெரிதில்லை. முறுக்கிவிடாமல் ஈயம் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். இங்கத்தைய கடற்காற்றுக்கு முறுக்கிய செப்புக் கம்பி சீக்கிரம் பச்சை பிடிக்கும்.