ஒரே படம், பல பதிப்புகள்: திரைப்பட வட்டுகளை எப்படி ஒப்பிடுவது?



திருக்குறள் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். "ஒரு திருக்குறள் கொடுங்க" என்று கேட்டு, கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவீர்களா? மாட்டீர்கள். பரிமேலழகர் உரையா, மு.வ. உரையா என்று புரட்டிப் பார்ப்பீர்கள். அச்சுப்பிழை இருக்கிறதா, முன்னுரை யார் எழுதியது என்றும் பார்ப்பீர்கள். குறள் ஒன்றுதான். பதிப்பு ஒன்றல்ல.

திரைப்படம் என்று வந்தால் மட்டும் இந்தப் பழக்கம் நமக்கு மறந்துபோகிறது. "அந்தப் படம் பார்த்தாச்சா?" என்று கேட்கிறோம். "எந்தப் பதிப்பில் பார்த்தீங்க?" என்று யாராவது கேட்கிறோமா? படத்துக்கும் பதிப்பு உண்டு, பாடபேதம் உண்டு, உரையும் உண்டு. பழைய படங்களைத் தேடிச் சீரமைத்து, விளக்கங்களோடு வட்டாக வெளியிடும் சிறு பதிப்பகங்கள் உலகில் பல இருக்கின்றன. அவற்றில் மூன்றை எடுத்து ஒப்பிடுவதே இக்கட்டுரை. இது விலைப்பட்டியல் இல்லை. ஒரு படைப்பை நம் கையில் கொடுப்பவர் அதற்கு என்ன செய்கிறார், என்ன செய்யத் தவறுகிறார் என்று பார்க்கும் முயற்சி.

மூன்று பதிப்பகங்கள்

முதலாவது, அமெரிக்காவின் கிரைட்டீரியன். 1984இல் லேசர் வட்டுக் காலத்தில் தொடங்கியது. முதலில் வெளியிட்டவை 'சிட்டிசன் கேன்', 'கிங் காங்' ஆகிய இரண்டும். 'கிங் காங்' வட்டில் ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட ஆய்வாளர், படம் ஓட ஓடக் கூடவே பேசி விளக்கம் சொன்னார். இன்று 'ஆடியோ கமென்டரி' என்று நாம் சொல்வது அங்கேதான் தொடங்கியது. நம் மொழியில் சொன்னால், மூலத்துக்குப் பக்கத்திலேயே உரை.

இரண்டாவது, பிரிட்டனின் யுரேகா நிறுவனம் 2004 முதல் நடத்திவரும் 'மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா' வரிசை. மூன்றாவது, பி.எஃப்.ஐ. எனப்படும் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம். இது வெறும் வியாபார நிறுவனம் அல்ல, ஒரு நாட்டின் திரைப்படக் காப்பகமும் கூட. இன்னும் ஆரோ, செகண்ட் ரன் என்று பல பெயர்கள் உண்டு. ஆனால் ஒப்பாய்வுக்கு மூன்று போதும். எல்லாரையும் கூப்பிட்டால் எவரையும் சரியாக விசாரிக்க முடியாது.

ஒன்று: மூலம் எங்கிருந்து வந்தது?

சத்யஜித் ரேயின் அபு முப்படங்களை எடுத்துக்கொள்வோம்: 'பதேர் பாஞ்சாலி', 'அபராஜிதோ', 'அபுர் சன்சார்'. 1992இல் ரேக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு, 1993இல், லண்டனில் ஒரு படச்சுருள் ஆய்வுக்கூடத்தில் தீப்பிடித்தது. அங்கிருந்த அவருடைய மூல நெகட்டிவ்கள் கருகின. பயன்படாது என்று தோன்றிய அந்தச் சுருள்களைத் தூக்கி எறியாமல் அமெரிக்க அகாடமியின் காப்பகம் பத்திரமாக வைத்திருந்தது.

இருபது ஆண்டுகள் கழித்துக் கிரைட்டீரியன் அவற்றைக் கேட்டு எடுத்தது. இத்தாலியின் பொலோன்யா நகரில் உள்ள ஆய்வுக்கூடத்தில் வல்லுநர்கள் காய்ந்து முறுகிய சுருளுக்கு ஈரம் ஏற்றினார்கள். உடைந்த ஓரத் துளைகளைக் கையாலேயே ஒட்டினார்கள். ஏறக்குறைய ஆயிரம் மணி நேரக் கைவேலை. முடிவில் 'பதேர் பாஞ்சாலி'யின் நெகட்டிவில் சுமார் 40 விழுக்காடும், 'அபராஜிதோ'வில் 60 விழுக்காட்டுக்கு மேலும் மீண்டன. 'அபுர் சன்சார்' நெகட்டிவ் ஒன்றுமே தேறவில்லை. மற்ற இடங்களில் இருந்த நல்ல படிகளை வைத்து இட்டு நிரப்பினார்கள். 2015இல் மூன்று படங்களும் மறுபடி திரைக்கு வந்தன. பிறகு வட்டாகவும் வந்தன.

கரையான் தின்ற ஏட்டையும் வீசிவிடாமல், பல பிரதிகளை ஒப்பிட்டு நூலை மீட்ட உ.வே.சா.வை வகுப்பில் படித்திருப்பீர்கள். வேலையின் தன்மை அதேதான். எனக்குப் பிடித்தது இன்னொன்று. அந்தச் சீரமைப்பு எப்படி நடந்தது என்பதைக் காட்டும் குறும்படத்தையும் வட்டிலேயே வைத்திருக்கிறார்கள். "அழகாக இருக்கிறது, நம்புங்கள்" என்று சொல்லவில்லை. "இப்படித்தான் செய்தோம், பாருங்கள்" என்கிறார்கள். நல்ல பதிப்பாசிரியருக்கு இதுதான் முதல் இலக்கணம். மூலத்தை மீட்பதில் கிரைட்டீரியனுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இரண்டு: பாடபேதத்தை என்ன செய்கிறார்கள்?

இங்கேதான் அதே கிரைட்டீரியனோடு எனக்குச் சண்டை.

ஹாங்காங் இயக்குநர் வோங் கார் வாயின் 'இன் த மூட் ஃபார் லவ்' (2000) படத்தைச் சிங்கப்பூரில் பலர் பார்த்திருப்பார்கள். கதாநாயகன் ஹாங்காங்கை விட்டு வேலைக்காக வருவது நம் சிங்கப்பூருக்குத்தானே! இந்தப் படத்தைக் கிரைட்டீரியன் முன்பே வெளியிட்டிருந்தது. 2021இல் வோங் கார் வாயின் ஏழு படங்களைப் புதிதாகச் சீரமைத்து ஒரே பெட்டியில் கொண்டுவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பழையதில் அறையும் உடையும் சிவப்பில் தோய்ந்திருக்கும். புதியதில் பச்சை மஞ்சள் சாயல் ஏறியிருக்கும். 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' படத்தில் திரையின் அகலமே மாறிவிட்டது. 'ஹேப்பி டுகெதர்' படத்தில் தீவிபத்தால் நெகட்டிவின் ஒரு பகுதி கெட்டுப்போனதால் சில வசனங்கள் குறைந்துவிட்டன.

தீயின் மேல் குற்றம் சொல்ல முடியாது. மற்ற மாற்றங்கள் இயக்குநரே விரும்பிச் செய்தவை. அதை அவர் மறைக்கவும் இல்லை, தன் பக்க நியாயத்தைக் குறிப்பாக எழுதியே கொடுத்தார். படைத்தவர் திருத்தக் கூடாதா? தாராளமாகத் திருத்தலாம். எழுத்தாளர்கள் இரண்டாம் பதிப்பில் திருத்துவதில்லையா? ஆனால் பதிப்பகத்தின் கடமை வேறு. இருபது ஆண்டுகளாக மக்கள் பார்த்த, ஆய்வாளர்கள் கட்டுரை எழுதிய பழைய பாடத்தையும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பெட்டியில் அது இல்லை. அந்தப் படத்தின் சிவப்பைப் பற்றி 2005இல் ஒரு மாணவர் கட்டுரை எழுதியிருந்தால், இன்று புதிய வட்டைப் பார்க்கிறவர் "எங்கே அந்தச் சிவப்பு?" என்று கேட்பார். மாணவர் எழுதியது பிழை இல்லை. பாடம் மாறிவிட்டது.

இப்போது 'மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா'வைப் பாருங்கள். ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' 1958இல் வெளியானது. படப்பிடிப்பு நிறுவனம் தன் விருப்பத்துக்கு வெட்டியதைப் பார்த்து வெல்ஸ் 58 பக்கக் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பை வைத்து 1998இல் படம் மறுபடி தொகுக்கப்பட்டது. ஆக, திரையரங்கில் ஓடியது ஒன்று, முன்னோட்டக் காட்சிக்குப் போட்டது ஒன்று, 1998இல் தொகுத்தது ஒன்று. போதாக்குறைக்கு, படம் எந்தத் திரை அளவில் பார்க்கத்தக்கது என்பதிலும் கருத்து வேறுபாடு. யுரேகா என்ன செய்தது தெரியுமா? மூன்று வடிவங்களையும் கொடுத்தது. அவற்றில் இரண்டை இரண்டு திரை அளவிலும் கொடுத்தது. மொத்தம் ஐந்து. "இதுதான் சரி" என்று தீர்ப்புச் சொல்லாமல், சான்றுகளை நம் முன் வைத்தது. பாடபேதத்தை மதிப்பதில் யுரேகாதான் முன்னால் நிற்கிறது.

மூன்று: உரையா, துணைநூலா?

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஒசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953). வயதான பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோவுக்கு வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. போரில் இறந்துபோன மகனின் மனைவிதான் அன்பாகக் கவனித்துக்கொள்கிறாள். நம் வீட்டுக் கதை மாதிரியே இருக்கும். இதன் மூல நெகட்டிவ் இன்று இல்லை. அதனால் எந்தப் பதிப்பும் குறையற்றதாக இருக்க முடியாது. வேறுபாடு, கூடவே என்ன கொடுக்கிறார்கள் என்பதில்.

கிரைட்டீரியன் வட்டில் டேவிட் டெஸ்ஸர் என்ற அறிஞரின் உரை இருக்கிறது. ஒசுவின் வாழ்க்கையைச் சொல்லும் இரண்டு மணி நேர ஆவணப்படமும் இருக்கிறது. பி.எஃப்.ஐ. வேறு வழியில் போனது. ஒசு 1941இல் எடுத்த 'டோடா குடும்பத்து அண்ணன் தங்கைகள்' என்ற முழுப் படத்தையே துணையாக வைத்தது. அதில் கணவனை இழந்த தாயும் கடைசி மகளும் ஒவ்வொரு பிள்ளையின் வீடாக அலைகிறார்கள். அதே கருப்பொருள், பன்னிரண்டு ஆண்டுகள் முந்தையது.

எது மேல்? ஒசுவின் கேமரா ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது, அவர் வாழ்ந்த காலம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் உரை வேண்டும். மறுப்பதற்கில்லை. ஆனால் வகுப்பறைக்கு நான் எடுத்துச் செல்வது பி.எஃப்.ஐ. வட்டைத்தான். உரையைக் கேட்கும் மாணவர் குறிப்பு எடுப்பார். இரண்டு படத்தையும் பார்க்கும் மாணவர் தாமே யோசிப்பார். நோட்ஸைப் படித்துவிட்டு நூலைத் தொடாமலே தேர்வுக்கு வருகிறவர்களை நாம் பார்த்ததில்லையா? நல்ல உரை மூலத்துக்குள் அழைத்துப்போகும். சோம்பேறி வாசகர் கையில் அதே உரை மூலத்துக்குப் பதிலாக உட்கார்ந்துகொள்ளும்.

மூவருக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. அது வசன வரிகள். 'பதேர் பாஞ்சாலி'யில் குழந்தைகள் அந்தக் கிழவியை 'பிஷி' என்று அழைக்கிறார்கள். நமக்குச் சொன்னால் உடனே புரியும்: அத்தை. அப்பா வழி உறவு, அந்த வீட்டில் அவருக்குள்ள உரிமை, அம்மாவுக்கு அவர்மேல் வரும் எரிச்சல் எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குத் தனிச் சொல் கிடையாது. தமிழ் தெரிந்தவர்கள் இந்தப் படத்தை ஆங்கிலம் வழியாகப் பார்த்து, பாதியை இழந்து, திரும்பத் தமிழில் மீட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழ் வசன வரி உள்ள வட்டு ஒன்றை இந்த மூன்று பதிப்பகங்களிலும் நான் இதுவரை பார்த்ததில்லை.

நான்கு: யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட கிரைட்டீரியன் தொகுப்பில் ஆப்பிரிக்க அமெரிக்க இயக்குநர்கள் நான்கு பேர்தான் என்று 2020இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பதிப்பகத் தலைவரும் குறையை ஒப்புக்கொண்டார். பதிப்பகத்தின் பட்டியல் ஒரு பாடத்திட்டம் மாதிரி. உள்ளே வந்தது 'காவியம்' ஆகிவிடும். வராததை யாரும் தேடமாட்டார்கள்.

இது தூரத்துச் சங்கதி இல்லை. 1957இல் சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் படப்பிடிப்புத்தளம் 'பொந்தியானாக்' படத்தை எடுத்தது. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ். ஊரே திரண்டு பார்த்த படம். இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. அபு படங்களுக்குக் கருகிய சுருளாவது மிஞ்சியது. இதற்கு அதுவும் இல்லை. மிஞ்சியுள்ள கேத்தே-கெரிஸ் மலாய்ப் படங்களைச் சிங்கப்பூரின் ஏஷியன் ஃபிலிம் ஆர்க்கைவ் காத்துவருகிறது. அந்தத் தொகுப்பு 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. காப்பகம் காக்கும், பதிப்பகம் பரப்பும். இரண்டும் வேண்டும்.

வாங்குமுன் ஒரு எச்சரிக்கை

புளூ-ரே வட்டுகளுக்கு வட்டாரப் பூட்டு உண்டு. சிங்கப்பூரும் மலேசியாவும் அமெரிக்காவோடு சேர்ந்து 'ஏ' வட்டாரம். பிரிட்டன் 'பி'. இந்தியா 'சி'. ஆசையாகப் பிரிட்டனிலிருந்து வரவழைத்த வட்டை என் வீட்டுக் கருவி கக்கியபோதுதான் எனக்கே இது உறைத்தது! எல்லா வட்டாரமும் ஓடும் கருவி இல்லாவிட்டால் பி.எஃப்.ஐ., யுரேகா வட்டுகளை வாங்குமுன் யோசியுங்கள். 4கே வட்டுகளுக்கு இந்தப் பூட்டு இல்லை.

மாணவர்களுக்கு

"ஒப்பிட்டு எழுதுக" என்று வினா வந்தால், முதலில் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம், பிறகு மற்றதைப் பற்றி ஒரு பக்கம் என்று எழுதாதீர்கள். அது ஒப்பீடு இல்லை, இரண்டு தனிக் கட்டுரை. அளவுகோலை முதலில் வையுங்கள். மேலே நான் வைத்தவை நான்கு: மூலம், பாடபேதம், உரை, தேர்வு. ஒவ்வோர் அளவுகோலிலும் இரண்டையும் பக்கத்தில் நிறுத்துங்கள். சான்று காட்டுங்கள். கடைசியில் பயப்படாமல் தீர்ப்புச் சொல்லுங்கள். என் தீர்ப்பு இது: படத்தை மீட்டதற்குக் கிரைட்டீரியன், பாடங்களைக் காத்ததற்கு யுரேகா, பார்வையாளரின் அறிவை மதித்ததற்கு பி.எஃப்.ஐ. நீங்கள் மறுக்கலாம். மறுக்கச் சான்று வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பில் பேச மூன்று வினாக்கள்:

1. படைப்பாளர் திருத்திய பாடம், மக்கள் முதலில் பார்த்த பாடம் ஆகிய இரண்டில் எதை 'மூலம்' என்பீர்கள்? ஏன்?
2. நீங்கள் படிக்கும் இலக்கிய நூலின் இரண்டு பதிப்புகளை எடுத்து, மேற்கண்ட நான்கு அளவுகோல்களில் ஒப்பிடுக.
3. உங்கள் தாத்தா பாட்டி பார்த்து மகிழ்ந்த படம் ஒன்றைக் கேட்டறிக. அதன் நல்ல பிரதி இன்று எங்கேயாவது கிடைக்கிறதா என்று தேடுக.

மூன்றாம் வினாவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.