அனுமானத்தின் அழகு

செம்பவாங்கின் சன் பிளாசாவிலுள்ள பொது நூலகத்தில் அமர்ந்து தர்க்கக் கணக்குகளைப் பயில்வது மனத்துக்கு நிகரற்ற ஆனந்தம் அளிப்பதாகும். ‘செம்பவாங்வாசிகள் அனைவரும் சிங்கப்பூர்வாசிகள், சிங்கப்பூர்வாசிகளுள் சிலர் தமிழர், ஆகவே செம்பவாங்வாசிகளுள் சிலர் தமிழர்’ என்னும் வாதத்தை நோக்குக. 1938-இல் திறக்கப்பட்ட கடற்படைத் தளத்தின் காலந்தொட்டே தமிழர் இங்கு வாழ்ந்து வருவதால், முடிவு பிரத்தியட்ச உண்மையே. ஆயினும், கூறப்பட்ட இரு வாக்கியங்களை மட்டும் கொண்டு பார்த்தால், அந்தச் சிலர் அனைவரும் தீவின் வேறு பகுதிகளிலேயே வசிக்கக்கூடுமாதலின், அம்முடிவு அவற்றிலிருந்து பிறப்பதில்லை. ஜான் வென் 1880-இல் வெளியிட்ட முறைப்படி மூன்று வட்டங்களை வரைந்தால், இக்குறை கண்முன்னே புலப்படும்.

இரு வாக்கியங்களிலிருந்து ஒரு முடிவைப் பெறும் இத்தகைய வாதத்துக்கு அரிஸ்டாட்டில் வழிவந்த 256 வடிவங்களுள் நவீன தர்க்கம் நிபந்தனையின்றி ஏற்பவை 15 மட்டுமே. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புகளை மணிமேகலையின் 29-ஆம் காதையிலேயே அறவண அடிகள் வாயிலாகக் கேட்ட மரபினராகிய நமக்கு, இஃது அந்நிய வித்தையன்று. தனக்கு உவப்பான முடிவையும், உண்மையென்று தெரிந்த முடிவையுங்கூட, தக்க ஆதாரமின்றி நிரூபணமாகக் கொள்ளாத நேர்மையை இப்பயிற்சி புகட்டுகிறது. கல்வியின் உத்தம பலன்களுள் அஃதொன்று.