சொல்வதெழுதுதல்: இயந்திரம் ஏன் திருப்பிக் கேட்பதில்லை?

நம் பள்ளிக்கூடங்களில் சொல்வதெழுதுதல் என்று ஒரு பயிற்சி உண்டு. ஆசிரியர் ஒரு வாக்கியத்தை இரண்டு முறை, ழகரத்தை அழுத்தி, நிறுத்தி நிதானமாகச் சொல்வார். பிள்ளைகள் எழுதுவார்கள். பிழை எங்கே வரும் என்று எல்லா ஆசிரியருக்கும் தெரியும்: ல, ள, ழ; ன, ண; ர, ற; அப்புறம் ஒற்று.

இன்றைக்குக் கணினியில் தமிழ் டிக்டேஷன் செய்தால் பிழைகள் ஏறக்குறைய இதே இடங்களில்தான் வருகின்றன. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் "சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்கும். மென்பொருள் கேட்காது. தோன்றியதை எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். தமிழ்க் குரல் தட்டச்சின் பெரிய குறை துல்லியக் குறைவு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். என் கணிப்பில் பெரிய குறை இந்த மௌனம்தான். அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கூகுள் 2017 ஆகஸ்ட்டில் தமிழையும் குரல் தட்டச்சில் சேர்த்தது. அதற்கு முன்னால் கணினியில் தமிழ் எழுத வேண்டுமென்றால் விசைப்பலகை பழக வேண்டும். தமிழ்99 வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்னும் பெரும்பாலானவர்கள் ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் தமிழை வரவழைக்கிறார்கள். அப்படியிருக்க, விசைப்பலகையே தொடாமல் ஒரு பக்கம் தமிழ் எழுத முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. கை நடுங்குகிறவர்கள், பார்வை இல்லாதவர்கள், பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்கள் ஆகியோருக்கு இது சொகுசு இல்லை, தேவை. அதனால்தான் விமர்சனமும் கறாராக இருக்க வேண்டும்.

நான் செய்து பார்த்தது

போன மாதம் ஒரு சின்ன சோதனை செய்தேன். மென்பொருளின் பெயர் வேண்டாம். ஒன்றைத் திட்டி இன்னொன்றை விற்பது என் வேலை இல்லை. தாம்பரம் மாநகராட்சிக்குக் குடிநீர் பற்றி ஒரு மனு, அவ்வளவுதான். முதலில் நானே செய்தி வாசிப்பவர் மாதிரி வாசித்தேன். ஏறக்குறைய சரியாக வந்தது. அடுத்து பக்கத்து வீட்டில் பேசுவது மாதிரி பேசினேன். மூன்றாவதாக, சிட்லபாக்கத்தில் இருக்கும் என் அத்தையைப் பேசச் சொன்னேன். எழுபதைத் தாண்டியவர், மூச்சு வாங்கி நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

மூன்று பேச்சை வைத்துச் சதவீதம் போட முடியாது. ஆனால் பிழைகளின் தன்மை தெரிந்தது. ஊர்ப் பெயர்கள் உடைந்தன. பீர்க்கன்காரணை "பீர்க்கன் காரணம்" ஆனது. அகரம்தென் "அகரம் தேன்" ஆனது. "ஈசி போட்டுப் பாத்தாச்சு" என்றால் வில்லங்கச் சான்று என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். மென்பொருள் அதைச் சுலபம் என்ற பொருளில் "ஈஸி" என்று எழுதியது. "முற்றுப்புள்ளி" என்று சொன்னால் அந்தச் சொல்லையே எழுத்து விடாமல் அடித்துத் தந்தது. பேச்சு நடை பாதி அப்படியே இருந்தது, பாதி எழுத்து நடைக்கு மாறியிருந்தது. "எங்க தெருவில் நாலு நாளா தண்ணீர் வரலை" என்றொரு வாக்கியம். இப்படி யாரும் பேசுவதும் இல்லை, எழுதுவதும் இல்லை.

மறுபடி கொஞ்சம் தெளிவாகச் சொல்லுங்கள் என்று அத்தையிடம் கேட்டேன். "நான் என்ன நியூஸா வாசிக்கிறேன்?" என்றார்.

வேடிக்கையாகச் சொன்னாலும் அவர் பிரச்சினையின் அடிமடியில் கை வைத்துவிட்டார்.

நியூஸ் வாசிக்கும் காது

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, காதில் விழுந்த ஒலி எந்த எழுத்துகளாக இருக்கலாம் என்று ஊகிப்பது. இரண்டு, அப்படி ஊகித்தவற்றில் எந்தச் சொல் இந்த இடத்தில் வர வாய்ப்பு அதிகம் என்று பார்ப்பது. இதை அது கற்றுக்கொள்வது பெரும்பாலும் ஏற்கெனவே எழுதி வைத்த பேச்சிலிருந்து. ஆகவே யாருடைய பேச்சைக் கேட்டுக் கற்றது என்பதுதான் முதல் கேள்வி.

இந்தத் துறையில் நம்மூரில் நல்ல வேலை நடக்கிறது. சென்னை ஐஐடியில் இருக்கும் ஏஐ4பாரத் குழு 2022இல் ஷ்ருதிலிபி என்ற தொகுப்பை வெளியிட்டது. 12 இந்திய மொழிகளில் 6,400 மணி நேரத்துக்கும் மேல். அது எங்கிருந்து வந்தது? அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கைகளிலிருந்து. ஒலியும் உண்டு, அதன் எழுத்து வடிவமும் உண்டு என்பதால் இரண்டையும் பொருத்திச் சேர்க்க முடிந்தது. புத்திசாலித்தனமான யோசனை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வானொலிச் செய்தித் தமிழ் யாருடைய வீட்டுத் தமிழ்?

தமிழில் இது சாதாரண வித்தியாசம் இல்லை. எழுதுவது ஒன்று, பேசுவது வேறொன்று. மொழியியலில் இதை இரட்டை வழக்கு என்பார்கள். இதற்குத் தமிழை எடுத்துக்காட்டாக வைத்துப் பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆங்கிலத்தில் பேசுகிறவர் சொல்வதை அப்படியே எழுதினால் பெரும்பாலும் கடிதம் ஆகிவிடும். தமிழில் ஆகாது. "வந்து பாத்துட்டுப் போனாங்க" என்பதை மனுவில் "வந்து பார்த்துவிட்டுச் சென்றனர்" என்றுதான் எழுதுவோம். அதாவது தமிழில் டிக்டேஷன் என்பது படியெடுக்கும் வேலை மட்டும் இல்லை. அதற்குள் ஒரு மொழிபெயர்ப்பும் ஒளிந்திருக்கிறது.

இந்தக் குறை ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஏஐ4பாரத் குழுவே 2024இல் இண்டிக்வாய்சஸ் தொகுப்பை வெளியிட்டது. 22 மொழிகள், 145 மாவட்டங்கள், 16,237 பேர். அதில் வாசித்த பேச்சு 9 சதவீதம்தான். மற்றதெல்லாம் தானாகப் பேசியதும் உரையாடலும். நம் ஓஎம்ஆர் பக்கம் காலவாக்கத்தில் இருக்கும் எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரி ஆய்வாளர்களும் சேர்ந்து 2022இல் ஒரு பொதுப் போட்டியை நடத்தினார்கள். முதியோரும் திருநங்கையரும் மருத்துவமனை, சந்தை, காய்கறிக் கடை போன்ற இடங்களில் பேசிய தமிழைக் கொடுத்து, அதை எழுத்தாக்கச் சொன்னார்கள். என் அத்தையின் பேச்சுக்கு மிகப் பக்கத்தில் வந்த முயற்சி என்று இதைத்தான் சொல்வேன். போட்டியில் கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டார்கள். விற்பனைக்கு வரும் மென்பொருள்களும் அதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அளவுகோலில் கோளாறு

அந்தப் போட்டி உட்பட உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல் சொற்பிழை விகிதம். மாறிப்போன சொல், விட்டுப்போன சொல், கூடுதலாக வந்த சொல் எல்லாவற்றையும் கூட்டி, மூலத்தில் உள்ள சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். ஆங்கிலத்துக்கு ஓரளவு பொருந்தும். தமிழுக்கு?

மூலத்தில் "வந்துகொண்டிருந்தார்" என்று ஒரே சொல்லாக இருக்கிறது. மென்பொருள் "வந்து கொண்டிருந்தார்" என்று பிரித்து எழுதுகிறது. படிக்கிற யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் கணக்கில் இது இரண்டு பிழை: ஒரு சொல் மாறிவிட்டது, ஒரு சொல் கூடிவிட்டது. இப்போது ஒரு கிரையப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "வீட்டுக்குப் பின்னால் உள்ள கொல்லை" என்பது "கொள்ளை" என்று வந்துவிட்டது. கணக்கில் இது ஒரே பிழை. தீங்கில்லாததற்கு இரண்டு, தீங்கு செய்வதற்கு ஒன்று. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு "எங்கள் மென்பொருள் முன்னேறிவிட்டது" என்று ஒருவர் சொன்னால், எதில் முன்னேறியது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எழுத்துப் பிழை விகிதம் என்று இன்னொன்று உண்டு. சொல் பிரிப்புக்கு அது இவ்வளவு தண்டனை தராது. ஆனால் கொல்லைக்கும் கொள்ளைக்கும் அதிலும் வித்தியாசம் மிகச் சின்னது.

கண்ணுக்குத் தெரியாத பிழை

தட்டச்சில் விரல் தவறினால் "கொல்ல்கை" என்று ஏதாவது வரும். பார்த்தவுடன் பிழை என்று தெரியும். குரல் தட்டச்சில் பிழை அப்படி வருவதில்லை. அது பெரும்பாலும் அகராதியில் இருக்கும் நல்ல சொல்லாகவே வரும். பணி பனியாகும், அறை அரையாகும், வழி வலியாகும். எழுத்துப்பிழை திருத்தி இவற்றைப் பிடிக்காது. அசந்து படிக்கிற மனிதரும் பிடிக்க மாட்டார்.

பார்வை இல்லாத ஒருவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவர் பேசி எழுதுகிறார், திரைவாசிப்பான் மூலம் கேட்டுச் சரிபார்க்கிறார். அரையும் அறையும் காதுக்கு ஒன்றாகத்தான் கேட்கும். எழுத்தெழுத்தாகப் படிக்கவைத்தால் தவிர அவருக்குப் பிழை தெரியவே வாய்ப்பில்லை. யாருக்கு இந்த வசதி அதிகம் தேவையோ, அவருக்குத்தான் இதன் பிழை அதிகம் மறைகிறது.

நிறுத்திப் பேசுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓபன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர், 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்சி பெற்றது. தமிழும் அதில் உண்டு. 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆங்கிலப் பேச்சை வைத்து அதைச் சோதித்தார்கள். ஏறக்குறைய 1 சதவீத ஒலித்துண்டுகளில் யாரும் சொல்லாத சொற்றொடர்களை, சில சமயம் முழு வாக்கியங்களையே, அது தானாகச் சேர்த்திருந்தது. பேச்சில் மௌன இடைவெளி அதிகம் இருந்தவர்களிடம் இது கூடுதலாக நடந்தது. பக்கவாதம் போன்றவற்றால் பேச்சு பாதிக்கப்பட்டவர்களின் பதிவுகளும் அந்தச் சோதனையில் இருந்தன. 1 சதவீதம்தானே என்று விடலாம். மனுவில் நீங்கள் சொல்லாத ஒரு வரி உங்கள் கையெழுத்துக்கு மேலே இருந்தால் அப்படி விட முடியுமா?

பத்திர எழுத்தர் என்ன செய்கிறார்?

தாம்பரம் பக்கம் சார்பதிவாளர் அலுவலகத்தைச் சுற்றிப் போனால் ஜெராக்ஸ் கடைகளுக்கு நடுவே பத்திரம் எழுதுகிறவர்களைப் பார்க்கலாம். அவர்கள் செய்வதும் டிக்டேஷன்தான். வருகிறவர் தன் பேச்சில் சொல்கிறார், இவர் பத்திர நடையில் எழுதுகிறார். ஆனால் நடுவில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். "வந்து பாத்துட்டுப் போனாங்க" என்று சொன்னால், "யாரும்மா வந்தது? என்னிக்கு?" என்று கேட்பார். ஏனென்றால் "போனாங்க" என்பது மரியாதைக்கு ஒருவராகவும் இருக்கலாம், பல பேராகவும் இருக்கலாம். சர்வே எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வார். பெயருக்கு எந்த னகரம், இனிஷியல் என்ன என்று ஆதாரைப் பார்த்து எழுதுவார். கடைசியில் வாசித்துக் காட்டுவார்.

அவரிடமும் பிழை வரும். காசும் கொடுக்க வேண்டும். ஆனால் அவருக்கு ஒன்று தெரியும்: தனக்கு எது சரியாகக் கேட்கவில்லை என்று.

மென்பொருளுக்கும் அது தெரியாமல் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை உறுதி என்று ஓர் எண்ணை உள்ளே கணக்கிட முடிகிறது. இரண்டாவது வாய்ப்பு எது என்பதும் அதற்குத் தெரியும். பெரும்பாலும் அதை நம்மிடம் காட்டாமல், எல்லாச் சொல்லையும் ஒரே கறுப்பில், ஒரே தைரியத்தில் அச்சடிக்கிறது. இது வடிவமைத்தவர்களின் முடிவு. தடையின்றி ஓடினால்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

தரவு கூடக்கூட எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். பிழை குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த நடையில் எழுத வேண்டும் என்பதைத் தரவு தீர்மானிக்க முடியாது. மாநகராட்சிக்கு எழுதும் மனு எழுத்து நடையில் இருக்கட்டும். காவல் நிலையத்தில் கொடுக்கும் வாக்குமூலம், வாய்மொழி வரலாற்றுப் பதிவு, அம்மா பிள்ளைக்கு அனுப்பும் செய்தி ஆகியவற்றில் சொன்ன சொல் அப்படியே இருக்க வேண்டும். அதை யாரோ மெருகேற்றித் தரக் கூடாது. இப்போது வரும் கருவிகள் பேச்சை வாங்கித் தாமாகவே "நல்ல தமிழாக்கி"த் தருகின்றன. சத்தமில்லாமல் செய்கிற இந்தத் திருத்தம் எனக்குப் பழைய பிழைகளைவிடக் கவலை தருகிறது.

நான் கேட்பது மூன்றுதான். உறுதியில்லாத சொல்லின் கீழ் ஒரு கோடு போடட்டும். திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவருக்கு அதை ஒலியால் சொல்லட்டும். பேச்சு நடையா எழுத்து நடையா என்று தொடங்கும்போதே கேட்கட்டும். நம் ஊர்ப் பெயர், ஆள் பெயர் பட்டியலை நாமே சேர்க்க வழி தரட்டும். மூன்றுமே புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படாத வேலைகள்.

அதுவரைக்கும், நீங்கள் வைத்திருக்கும் மென்பொருளிடம் இந்த வாக்கியத்தை வீட்டில் பேசுவது மாதிரி சொல்லிப் பாருங்கள்: "கொல்லைப் பக்கம் இருக்கற அறைய அகரம்தென்காரருக்கு அரை வாடகைக்கு விட்டிருக்கோம்." வந்த விடையை வீட்டிலேயே பெரியவர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பத்திரம், மனு, மருத்துவக் குறிப்பு எதுவானாலும் கையெழுத்துப் போடும் முன் கண்ணால் ஒரு தடவை, காதால் ஒரு தடவை. எண்ணையும் பெயரையும் மட்டும் கையால் அடியுங்கள்.